கடலில் தப்பி வந்தவருக்கு முதல் நாளிலிருந்து என்னென்ன செய்ய வேண்டும்?

படகு கவிழ்ந்தோ, கப்பல் மோதியோ, காற்றில் மாட்டியோ உங்கள் வீட்டு ஆள் உயிரோடு கரை சேர்ந்திருக்கிறாரா? இது உங்களுக்காக எழுதியது. இறந்தவர் குடும்பத்துக்கும் காணாமல் போனவர் குடும்பத்துக்கும் என்ன செய்ய வேண்டும் என்று அலுவலகங்களில் விதி இருக்கிறது, விண்ணப்பம் இருக்கிறது. பிழைத்து வந்தவருக்கென்று தனியாக ஒரு கோப்பும் கிடையாது. "அவருதான் வந்துட்டாரே" என்று எல்லாரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவருக்கான கோப்பை நீங்கள்தான் முதல் நாளிலிருந்து சேர்க்க வேண்டும். சிகிச்சைக்கும் அதுதான் உதவும், பணம் கேட்கிற இடத்திலும் அதுதான் நிற்கும்.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரை. என் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி, மீன்வளத் துறை, மரைன் போலீஸ் என்று நான் அலைந்தபோது, எதை முதலில் செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஆள் இல்லை. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதல் மூன்று நாள்: உடம்பைப் பாருங்கள், கதை கேட்காதீர்கள்

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றுதான் அவர் சொல்வார். அப்படியே விட்டுவிடாமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். உப்புத் தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருந்தால் மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். நாள் கணக்கில் குடிதண்ணீர் இல்லாமல் மிதந்தவருக்குச் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். வெயிலும் உப்பும் சேர்ந்து தின்ற தோல் வெளியே தெரிவதைவிட மோசமாக இருக்கும்.

ஓ.பி. சீட்டில் "கடல் விபத்து, இத்தனை மணி நேரம் தண்ணீரில் இருந்தவர்" என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். கூட்டமான நேரத்தில் "காய்ச்சல், உடம்பு வலி" என்று மட்டும் எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். விபத்து என்ற சொல் அந்தச் சீட்டில் இல்லையென்றால் பின்னால் எங்கே போனாலும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். டாக்டர் அட்மிட் ஆகச் சொன்னால் அட்மிட் ஆகட்டும். வீட்டு ஞாபகத்தில் "நாங்க போறோம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர்கள் அதிகம். ஏன் அப்படி வரக்கூடாது என்பதற்கு மருத்துவக் காரணத்தோடு பணக் காரணமும் உண்டு, 6-இல் சொல்கிறேன்.

வீட்டில் அவருக்குத் தேவை கஞ்சி, உலர்ந்த துணி, அமைதியான ஓர் இடம், அவர் நம்புகிற ஒருவர் பக்கத்தில். அவ்வளவுதான். ஆனால் நடப்பது வேறு. வருகிற ஒவ்வொருவரும் முதலிலிருந்து கதை கேட்பார்கள். செல்போனைத் தூக்கி வீடியோ எடுப்பார்கள். அழுதுகொண்டே விசாரிக்கிற சொந்தக்காரரைத் தடுக்க யாருக்கும் வாய் வராது. தடுங்கள். பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் அவரே பேசுவார், அப்போது குறுக்கே எதுவும் கேட்காமல் கேளுங்கள். தோன்றாதபோது நடந்ததையெல்லாம் கொட்டச் சொல்லி உட்கார வைப்பது ஆறுதல் தராது, சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் செய்யும். உலக சுகாதார நிறுவனம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. வாசலில் ஒருவரை உட்கார வைத்து, வருபவர்களிடம் "அவன் தூங்குறான், அப்புறம் வாங்க" என்று சொல்லச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும்.

2. முதல் வாரம்: காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி இவற்றை ஒரே இடத்தில் வையுங்கள்.

– ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம்
– மீனவர் பயோமெட்ரிக் அடையாள அட்டை, மீனவர் நல வாரிய உறுப்பினர் அட்டை
– படகின் பதிவுச் சான்று, காப்பீடு இருந்தால் அதன் நகல் (படகு உரிமையாளரிடம் கேட்டு வாங்க வேண்டும்)
– மரைன் போலீஸ் கொடுக்கிற முதல் தகவல் அறிக்கை நகல், அது பதிவாகவில்லை என்றால் புகார் பெற்றுக்கொண்டதற்கான மனு ரசீது
– ஆஸ்பத்திரிச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் அறிக்கை, ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டு

அட்டைகள் பெரும்பாலும் படகோடு போயிருக்கும். அப்படியானால் "விபத்தில் தொலைந்தது" என்பதையும் போலீஸ் புகாரிலேயே சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அதற்கென்று தனியாக இன்னொரு முறை அலைய வேண்டியிருக்காது. நகல் அட்டைக்கு மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

அந்தப் படகில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியலில் இவர் பெயர் சரியாக இருக்கிறதா என்று போலீஸ் நகலில் பாருங்கள். ஆதாரில் உள்ள எழுத்தும் இதில் உள்ள எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். ஊரில் கூப்பிடுகிற பெயரையோ ஞானஸ்நானப் பெயரையோ எழுதிவிட்டால் திருத்துவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

3. வாக்குமூலம்: ஒரே முறை, முழுதாக, துணையோடு

கூட வந்தவர்களில் யாராவது இறந்திருந்தால், அதைவிடவும் காணாமல் போயிருந்தால், உங்கள் ஆள்தான் சாட்சி. உடல் கிடைக்காதவருக்கு இறப்புச் சான்று வாங்குவது கடினம். சாதாரணமாக 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் சட்டம் ஒருவரை இறந்தவராக எடுத்துக்கொள்ளும். அந்தக் காலம்வரை காத்திருக்காமல் அரசு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் "நான் கண்ணால் பார்த்தேன்" என்கிற பிழைத்தவரின் வார்த்தை பெரிய ஆதாரம். அதனால் போலீஸ் கூப்பிடும், வருவாய்த் துறை கூப்பிடும், மீன்வளத் துறை கூப்பிடும். கப்பல் மோதிய வழக்கு என்றால் கப்பல் துறை அதிகாரிகளும் விசாரிப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் அவர் அந்தத் தண்ணீருக்குள் மறுபடி இறங்கி ஏறுகிறார்.

செய்ய வேண்டியது இது. அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்த பிறகு, காலை வேளையில், நம்பிக்கையான ஒருவர் கூட இருக்க, ஒரே ஒரு முறை முழு வாக்குமூலம் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், கூட இருந்தவர் பெயர்கள், யாரைக் கடைசியாக எப்போது பார்த்தார், எத்தனை நேரம் கழித்து யார் மீட்டார்கள், இவ்வளவும் இருக்கட்டும். கையெழுத்துப் போட்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அலுவலகத்தில் முதலில் அந்த நகலைக் கொடுத்து, இதில் இல்லாததை மட்டும் கேளுங்கள் என்று சொல்லுங்கள். எல்லா அதிகாரியும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நிறையப் பேர் ஒத்துக்கொள்வார்கள். மனநல சிகிச்சை தொடங்கியிருந்தால் அந்தச் சீட்டையும் காட்டி வேறு நாள் கேட்கலாம்.

மேற்குக் கரைப் படகுகளில் வங்காளம், ஒடிசா தொழிலாளர்களும் இருப்பார்கள். 2021 ஏப்ரலில் மங்களூரு அருகே கப்பல் மோதிய படகில் இருந்த 14 பேரில் பாதி தமிழ்நாடு, மீதிப் பேர் வெளிமாநிலத்தவர். உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 2 பேர்தான். வெளியூர்க்காரருக்கு இங்கே வீடும் இல்லை, மொழியும் இல்லை. அவருடைய பெயரில் விவரம் தவறாக எழுதப்படாமல் இருக்க, அவர் பேச்சு தெரிந்த ஒருவரை ஏற்பாடு செய்து கொடுங்கள்.

4. முதல் மாதம்: எது இயல்பு, எது ஆபத்து

தூக்கம் வராது. வந்தால் கனவு. கதவு படாரென்று சாத்தினால் தூக்கிவாரிப் போடும். சின்ன விஷயத்துக்குக் கோபம், திடீரென்று மௌனம். என் தம்பிக்குக் குளிக்கும்போது தலையில் தண்ணீர் பட்டால் மூச்சு அடைத்துவிடும். கப்பில் மொண்டு தோளுக்குக் கீழேதான் ஊற்றிக்கொள்வான், தலையை நனைத்த துண்டால் துடைத்துவிடுவோம். "அக்கா, லைட்ட அணைச்சிராத" என்பான். அவனுக்கு மட்டும் வந்த விசித்திரமான வியாதி என்று நான் பயந்தேன். அப்படி இல்லை. சாவைப் பக்கத்தில் பார்த்துவிட்டு வந்தவரின் உடம்பும் மூளையும் சில வாரங்கள் இப்படித்தான் விழித்தே இருக்கும். பெரும்பாலானவர்களுக்குப் படிப்படியாகத் தானே குறையும்.

இந்த நாட்களில் உதவுவது ஒழுங்கான சாப்பாடு, பகலில் நடை, ஏதாவது கைவேலை, ஒரே நேரத்தில் படுக்கை. வலை பின்னுவதோ முடிச்சுப் போடுவதோ அவருக்குப் பிடித்தால் செய்யட்டும், கட்டாயப்படுத்த வேண்டாம். ஒரு நோட்டில் தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினார், என்ன சாப்பிட்டார், குடித்தாரா என்று ஒரு வரி எழுதுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டு பேசும்.

இரண்டு பொறிகள் இங்கே உண்டு. ஒன்று, மெடிக்கல் கடையில் வாங்குகிற தூக்க மாத்திரை. அதிர்ச்சிக்குப் பிறகான முதல் மாதத்தில் டயாசிபாம், அல்பிரசோலம் வகை மாத்திரைகளை இதற்காகக் கொடுக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பழக்கமாகிவிடும், மீள்வதையும் தாமதப்படுத்தலாம். இன்னொன்று சாராயம். "ஒரு குவார்ட்டர் போட்டா தூங்கிருவான்" என்று நண்பர்களே பாசத்தோடு வாங்கிக் கொடுப்பார்கள். தூங்குவார், பாதி ராத்திரியில் இன்னும் மோசமாக விழிப்பார். மறுநாள் அரை பாட்டில் தேவைப்படும். அந்த நண்பர்களைத் தனியாகக் கூப்பிட்டு, வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாவது சொல்லுங்கள்.

ஒரு மாதம் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரங்களும் உண்டு: "நானும் அங்கேயே போயிருக்கலாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது, கடன் கணக்கையெல்லாம் திடீரென்று ஒப்படைப்பது, சாப்பாட்டை முழுக்க நிறுத்துவது, "வா" என்று குரல் கூப்பிடுவதாகச் சொல்வது. அவரைத் தனியாக விடாதீர்கள். கயிறு, பூச்சி மருந்து, மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்து மறையுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அவரைத் தண்டிப்பதற்கல்ல, கவனிப்பதற்குத்தான் அரசுக்குக் கடமை. கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருந்துவிடாதீர்கள்.

5. மனநல டாக்டர்: எங்கே, எப்படி, எவ்வளவு நாள்

2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் குழு இந்தக் கரைக்கு வந்து உளவியல் உதவி செய்தது. பெரிய பேரிடர் என்றால்தான் அப்படி வருவார்கள். ஒரு வள்ளம் கவிழ்ந்தால் யாரும் தேடி வரமாட்டார்கள், நாம்தான் போக வேண்டும்.

முதல் படி போன். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை 24 மணி நேரமும் இலவசம். தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடப்பதும் இதுதான். வேறு இந்திய மொழிகளிலும் பேசலாம் என்பதால் வெளிமாநிலத் தொழிலாளருக்கும் இதே எண்தான். அவர் பேச மறுத்தால் நீங்கள் பேசி, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

அடுத்தது நேரில். குமரி மாவட்டத்தில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. மற்ற மாவட்டங்களிலும் மருத்துவக் கல்லூரியிலோ தலைமை ஆஸ்பத்திரியிலோ இருக்கும். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்துப் போனால் பஸ் செலவு மிச்சம். பார்ப்பதும் மருந்தும் இலவசம். தனியாரில் ஒரு முறைக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் ஆகும், பேச்சு சிகிச்சைக்குத் தனிக் கட்டணம்.

அரசு ஓ.பி.யில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அவர் கேட்கும்போது நம் ஆள் தலையைக் குனிந்துகொண்டு "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அதனால் அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: விபத்து எப்போது, எத்தனை நேரம் தண்ணீரில் இருந்தார், யார் இறந்தார்கள், தூக்கம் எவ்வளவு, குடி உண்டா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார். தூக்க நோட்டையும் கொடுங்கள். மருந்து எழுதுவதோடு பேச்சு சிகிச்சைக்கு உளவியலாளரிடம் அனுப்ப முடியுமா என்று நீங்களே கேளுங்கள். கேட்காவிட்டால் கூட்டத்தில் விட்டுப்போகும்.

தொந்தரவு ஒரு மாதம் தாண்டியும் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் பாதித்தால் டாக்டர்கள் அதை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று சொல்லலாம். அதற்கென்றே உள்ள பேச்சு சிகிச்சை வாரம் ஒரு முறை என்று பொதுவாக 8 முதல் 12 முறை நடக்கும். செர்ட்ரலின் போன்ற மாத்திரை எழுதினால் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். முதல் சில நாள் வயிற்றைப் பிரட்டலாம். "மாத்திர ஒண்ணும் கேக்கல" என்று இரண்டாவது வாரத்தில் நிறுத்துகிறவர்கள் ஒரு பக்கம், தூக்கம் வந்ததும் "சரியாயிட்டு" என்று நிறுத்துகிறவர்கள் இன்னொரு பக்கம். சரியான பிறகும் பல மாதம் சாப்பிட்டு, டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

ஊருக்குத் தெரிந்தால் பைத்தியம் என்பார்கள், படகில் ஏற்ற மாட்டார்கள் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. சிகிச்சை விவரத்தை வெளியில் சொல்லக்கூடாது என்பது அதே 2017 சட்டத்தில் நோயாளிக்கு உள்ள உரிமை. ஜெபமோ மந்திரிப்பதோ வீட்டில் செய்ய நினைத்தால் செய்யுங்கள், பங்குத்தந்தை வந்து பேசுவது பலருக்குப் பெரிய பலம். ஆஸ்பத்திரித் தேதியை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

6. பணம்: என்ன கேட்கலாம், என்ன கிடைக்காது

பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், விபத்தால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 25,000 ரூபாய் வரை உண்டு. பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன, மீனவர் கட்ட வேண்டியதில்லை. மனப் பாதிப்புக்கென்று அதில் தனித் தொகை கிடையாது. பிழைத்தவர் எளிதாகக் கேட்கக்கூடியது ஆஸ்பத்திரியில் சேர்ந்ததற்கான தொகைதான். டிஸ்சார்ஜ் அறிக்கை இல்லாமல் அதுவும் இல்லை. அட்மிட் ஆகச் சொன்னால் ஆகுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான். விண்ணப்பம் மீன்வளத் துறை வழியாகப் போகும். கொடுத்ததற்கு ரசீது எண் வாங்காமல் வராதீர்கள்.

குடும்பத்துக்குத் தனியாக மருத்துவக் காப்பீடு இருந்தால், உடல் நோய்க்கு உள்ளதுபோல மன நோய்க்கும் காப்பீடு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. "அதெல்லாம் கிடையாது" என்று ஏஜென்ட் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.

வேறு கப்பலின் தவறால் நடந்த விபத்து என்றால் மனநலச் சீட்டுகளை உயிர்போல வைத்துக்கொள்ளுங்கள். 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் ‘செயின்ட் ஆன்டனி’ படகின் 2 மீனவர்கள் இறந்தார்கள். உயிரிழப்புக்கும் பொருளிழப்புக்கும் மட்டுமல்லாமல் படகில் பிழைத்தவர்களின் மன வேதனைக்கும் இழப்பீடு உண்டு என்று சர்வதேச நடுவர் மன்றம் 2020-இல் சொன்னது. ஆனால் இழப்பீடாக வந்த 10 கோடி ரூபாய் பிரிக்கப்பட்டபோது இறந்தவர் குடும்பங்களுக்கும் படகு உரிமையாளருக்கும்தான் பங்கு போட்டார்கள். பிழைத்தவர்கள் உச்ச நீதிமன்றம் போய், 2022 நவம்பரில்தான் 9 பேருக்குத் தலா 5 லட்சம் கிடைத்தது. கேட்டதால் கிடைத்தது. இலவச வக்கீல் வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், கோர்ட் வளாகத்திலேயே இருக்கும்.

இதெல்லாம் வருவதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை வீட்டுச் செலவுக்குப் படகு உரிமையாளரிடம் புதிதாக முன்பணம் வாங்காமல் சமாளிக்கப் பாருங்கள். முன்பணம் வாங்கினால் அதை அடைக்க, மனம் தயாராகும் முன்பே கடலுக்குப் போக வேண்டி வரும்.

7. இறந்தவர் வீட்டுக்குப் போவது

இதற்கு எந்த அலுவலகத்திலும் விண்ணப்பம் இல்லை, ஆனால் இதுதான் அவரை உள்ளே அரிப்பது. "கைய புடிச்சிருந்தேன், வுட்டுட்டேன்" என்ற ஒரே வரியைத் தம்பி பல விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "உன் தப்பு இல்ல" என்று நாம் நூறு தடவை சொன்னாலும் அது உள்ளே போகாது. கேட்டுக்கொண்டு கூட இருப்பதுதான் செய்ய முடிந்தது.

அந்த வீட்டுக்குப் போகாமலே இருந்துவிட்டால் தெருவில் அந்த அம்மாவைப் பார்த்து ஒளிகிற நிலை வரும். தயாரில்லாமல் போனால் "எம்புள்ள எங்கடா, நீ மட்டும் எப்படி வந்தே?" என்ற கேள்வியில் நொறுங்கிப்போவார். முதலில் நீங்கள் போங்கள். அவன் வர விரும்புகிறான், கொஞ்சம் பொறுத்து வருவான் என்று சொல்லுங்கள். பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவரோ பங்குத்தந்தையோ கூட இருக்க, கூட்டமில்லாத நேரத்தில் கூட்டிப் போங்கள். அவர்கள் கேட்பதற்கு உண்மையைச் சுருக்கமாகச் சொல்லட்டும். வேதனையான விவரம் முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குடும்பத்துக்கும் 14416 எண்ணைக் கொடுங்கள்.

8. மறுபடி கடலுக்கு

"கடலுக்குப் போனாத்தான் பயம் தெளியும்" என்பார்கள் சிலர். "இனி கடல் பக்கமே வேண்டாம்" என்பார்கள் வீட்டுப் பெண்கள். முடிவு அவருடையது, வேகத்தை டாக்டரோடு பேசி வையுங்கள். முதலில் மணலில் உட்காருவது, அடுத்து முழங்கால் தண்ணீர், அப்புறம் கட்டிப்போட்ட படகில் ஏறி இறங்குவது, பிறகு பழகிய ஆட்களோடு காலையில் போய்ப் பகலிலேயே திரும்புகிற கரைக்கடல். ஒரு படியில் மனம் அடங்கிய பிறகே அடுத்தது. வாரக்கணக்கில் தங்குகிற ஆழ்கடல் தொழில் கடைசியில்தான், ஏனென்றால் நடுவில் பயம் வந்தால் திரும்ப வழியில்லை. தேங்காய்ப்பட்டணம் போன்ற முகத்துவாரத்தில் கவிழ்ந்தவர் என்றால் கடலைவிட அந்த வாயைக் கடப்பதுதான் கஷ்டம். அலை அடங்கிய நாளாகப் பார்த்து, வேறு ஒருவர் ஓட்ட, அதை மட்டும் கடந்து திரும்பி வாருங்கள்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். விபத்து அதற்குச் சற்று முன் நடந்திருந்தால் யாரும் அவசரப்படுத்தாத இரண்டு மாதம் கிடைக்கும், சிகிச்சைக்கு அதைப் பயன்படுத்துங்கள். தூக்கம் வரவழைக்கிற மாத்திரை சாப்பிடும் காலத்தில் இன்ஜின் ஓட்டவோ ராத்திரிக் காவலுக்கு நிற்கவோ வேண்டாம்.

திரும்பிப் போகும் முன் பயோமெட்ரிக் அட்டை, நல வாரியப் பதிவு, காப்பீட்டில் பெயர், நாமினி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். லைஃப் ஜாக்கெட் அவருக்கென்று தனியாக இருக்கட்டும். கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசின் (மரைன் போலீஸ்) 1093 இரண்டையும் அவர் போனிலும் உங்கள் போனிலும் பதிந்து வையுங்கள். விபத்து நடந்த தேதியும் புயல் எச்சரிக்கை வருகிற நாட்களும் நெருங்கும்போது பழைய கனவு திரும்ப வரலாம். காலண்டரில் அந்த வாரத்தைக் குறித்து வைத்து, அந்த வாரத்துக்குள் டாக்டரிடம் ஒரு தேதி வாங்கிவிடுங்கள்.